செயின்சோவுக்கு ஓர் உறையும் பெட்டியும்

2013 டிசெம்பர் 21, 22ஆம் திகதிகளில் ரொறொன்ரோவில் உறைமழை பெய்து, பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் மரக்கிளைகள் முறிந்து விழுந்ததை வாசகர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் வீட்டுக்குச் செயின்சோ வந்தது அதற்குப் பிறகுதான். அதனுடன் வந்த பிளாஸ்ரிக் உறை ஒரு வருடத்தில் வெடித்துவிட்டது. ஓடாத வாள்தானே என்று உறையில்லாமலே வானின் பின்புறத்தில் போட்டு வைத்தேன்.

திருவிழாவுக்கு முன் கோயில் வளவு துப்புரவாக்கப் போன நாள், படங்குக்கு அடியில் கயிறு தேடிக் கையை விட்டேன். எஞ்சின் ஓடவில்லை, ஆனாலும் உள்ளங்கையில் நான்கு தையல். மடைப்பள்ளியில் உதவிக்கு நின்ற, தச்சுவேலை தெரிந்த பெரியவர் ஒருவர் துணியால் கட்டிவிட்டபடி, "தம்பி, இதில எத்தனை பல்லு எண்டு எண்ணிப் பாத்தனீரோ?" என்று கேட்டார். பிறகு எண்ணினேன். 16 அங்குல வாளின் சங்கிலியில் 28 வெட்டும் பற்கள். கீழே தரும் முறை அவர் காட்டித் தந்தது.

முதலில் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றிவிடுங்கள். பற்றரி வாளாயின் பற்றரியை எடுத்துவிடுங்கள். தடித்த கையுறை அவசியம். வாளைக் கால் அங்குலப் பிளைவூட்டின் மேல் சரித்து வைத்து, சங்கிலி ஓடும் நீண்ட தகடாகிய பாரைச் சங்கிலியோடு சேர்த்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே, நுனியிலும் இரு ஓரங்களிலும் ஒரு அங்குலம் கூட்டி, ஒரே அளவில் இரண்டு பலகைகள் வெட்டவேண்டும். இரண்டுக்கும் நடுவே, மேல், கீழ், நுனி ஆகிய மூன்று பக்கமும் அரை அங்குலத் தடிப்புள்ள சட்டம் வைத்து ஒட்டுங்கள். எஞ்சின் பக்கம் மட்டும் திறந்திருக்கும். சட்டம் பிளக்காதிருக்க, முதலில் சிறு துளை போட்டே ஸ்குரூ முடுக்கவேண்டும். ஸ்குரூவின் முனை உட்பக்கம் நீட்டினால் பல் மழுங்கிவிடும். விரலால் அல்ல, ஒரு குச்சியை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள்.

நுனியில் ஒரு சிறு ஓட்டை விடுவதை நான் முதலில் வீண் என்று நினைத்தேன். அது இல்லாவிட்டால் எண்ணெயும் மரத்தூளும் உள்ளே சேர்ந்து களியாகிவிடும். உறை வாயில் எஞ்சினை முட்டும்வரை வரவேண்டும். இரண்டு பல் வெளியே தெரிந்தாலும் வேலை முடியவில்லை. பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு வளையம் வெட்டி, உறையிலிருந்து கைபிடிக்கு மாட்டிவிட்டால் வாளைத் தலைகீழாகப் பிடித்தாலும் உறை கழராது. கம்பளத் துண்டால் சுற்றுபவர்களும் உண்டு. அது ஈரத்தைப் பிடித்து வைத்துச் சங்கிலியைத் துருப்பிடிக்கச் செய்யும்.

பெட்டிக்கு அரை அங்குலப் பிளைவூட் போதும். உறையோடு பார் வெளியே நீட்ட ஒரு பக்கத்தில் பிளவு விட்டால் பெட்டி சிறிதாகும். செயின்சோ சும்மா இருக்கும்போதும் சங்கிலி எண்ணெய் கசியும். பலரும் இதைப் பழுது என்று எண்ணிக் கடைக்குக் கொண்டு போகிறார்கள். அன்னதானத்தில் மிஞ்சும் பெரிய அலுமினியத் தட்டு ஒன்றை அடியில் வைத்தால் அதுவே அளவாக இருக்கும். ஒரு மூலையில் வட்ட அரம், சாவி, கையுறை, மேலதிகச் சங்கிலி ஆகியவற்றுக்குத் தடுப்பு வையுங்கள். பெற்றோல் ஆவி தங்காதிருக்க, பக்கப் பலகைகளில் சில துளைகள் வேண்டும்.

வேலை முடிந்தவுடன் பெட்டியில் வைக்கவேண்டாம், புகைபோக்கி ஆறட்டும். மாதக்கணக்கில் வைப்பதானால் பெற்றோலை வடித்துவிடுங்கள். நிலவறையில் வெந்நீர்க் கொதிகலனோ சூடேற்றும் அடுப்போ இருக்குமிடத்தில் பெற்றோல் வாளை ஒருபோதும் வைக்கக்கூடாது. அவற்றின் சுவாலைக்கு அந்த ஆவி எட்டினால் வீடே தீப்பற்றும். வெளிக் கொட்டில்தான் அதற்கு இடம்.

16 அங்குல வாளுக்கு நாங்கள் வெட்டிய உறையின் மாதிரியைத் தடித்த மட்டையில் வரைந்து, கோயில் கொட்டிலில் வாள் பெட்டிக்கு மேல் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். வேண்டியவர்கள் அளவெடுத்துவிட்டுத் திரும்பத் தொங்கவிடவும்.