மூன்று வாத்தியம், இரண்டு கை

கேள்வி: கிடார் சுமாராக வாசிப்பேன். அமெரிக்க மலைநாட்டு நாட்டுப்புற இசையில் மயங்கி மாண்டலின், ஃபிடில், பாஞ்சோ மூன்றையும் வாங்கிவிட்டேன். எதுவும் தேறவில்லை. ஒன்றோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வாங்கியதை ஏன் விற்பானேன்? வரிசையை மட்டும் மாற்றுங்கள்.

மாண்டலினுக்கும் ஃபிடிலுக்கும் தந்திகளின் சுருதி ஒன்றே: ஜி, டி, ஏ, இ. மாண்டலினில் அவை இரட்டை இரட்டையாக இருக்கும். விரலுக்கு வழிகாட்ட மெட்டுகளும் உண்டு. அதில் பழகிய இடதுகை ஃபிடிலில் பாதி வேலையை முடித்துவிடும். வில்லுக்குத் தனியாக அழத்தான் வேண்டும்.

பாஞ்சோ வேறு ரகம். ஐந்து தந்தி பாஞ்சோவின் வழக்கமான ஜி சுருதியில் 4, 3, 2ஆம் தந்திகள் கிடாரின் அதே தந்திகள்தான்: டி, ஜி, பி. ஆகவே உங்கள் இடதுகை பிழைத்துக்கொள்ளும். படுத்துவது வலதுகை. கழுத்தின் நடுவழியில் முளைத்திருக்கிறதே குட்டைத் தந்தி, அதுதான் பாஞ்சோவின் உயிர். கிளாஹேமர் பாணியில் விரல் நகம் தந்தியைக் கீழ்நோக்கி அடிக்கும். கட்டைவிரல் அடுத்து அந்தக் குட்டைத் தந்தியைச் சுண்டும். 1945இல் பில் மன்றோ குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பிரபலமாக்கிய மூன்றுவிரல் பாணியிலோ ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல்நோக்கிச் சுண்டும். இரண்டையும் சேர்த்துப் பழகினால் கை குழம்பும்.

கிளாஹேமரே முதலில். தனியாக உட்கார்ந்து பாட அதுதான் தோது. ஸ்க்ரக்ஸ் பாணி கூட வாசிக்க ஆளிருந்தால்தான் ருசிக்கும் என்பது என் கட்சி. ஃபிடிலை, மாண்டலினில் நாலைந்து பாட்டு கைவந்த பிறகு எடுத்தால் போதும்.