தக்காளியின் நீரைக் கையாளுதல்: திருகோணமலை அடுக்களையில் இத்தாலியச் சோஸ்

இத்தாலியர் பாஸ்தாவுடன் சேர்த்துண்ணும் தக்காளிச் சோஸ், கடைகளில் போத்தலில் விற்கப்படும் இனிப்பும் புளிப்பும் கலந்த சோஸிலிருந்து வேறானது. அதில் வினாகிரியோ மாப்பொருளோ மிகுந்த சீனியோ சேர்வதில்லை. பழுத்த தக்காளி, எண்ணெய், உப்பு, உள்ளி அல்லது வெங்காயம், ஒரு நறுமண இலை ஆகியவற்றோடு பொருள்களின் பட்டியல் முடிந்துவிடுகிறது. பட்டியல் இவ்வளவு சிறிதாக இருப்பதனாலேயே ஒவ்வொரு பொருளின் குறையும் மசாலாவுக்குள் மறைய இடமின்றி நாவில் வெளிப்படுகிறது. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நகரம், உப்புவெளி, நிலாவெளி, சீனன்குடா, கிண்ணியா, மூதூர் ஆகிய ஊர்களில் இதை வீட்டில் சமைப்போர் சந்திக்கும் இடர்களை வரிசைப்படுத்தினால், அவற்றுள் பெரும்பாலானவை தக்காளியிலுள்ள நீர் என்னும் ஒரே காரணத்தில் வந்து முடிகின்றன. பழத்தின் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 94 பங்கு நீராகும். அந்நீரைப் பழத்தின் புதுமணம் கெடாமல் எவ்வளவு, எப்போது, எவ்வாறு அகற்றுவது என்பதே இச்சமையலில் கற்க வேண்டிய முதன்மையான பாடம்.

அமெரிக்கக் கண்டத்துக்குரிய தக்காளி இத்தாலியை அடைந்ததற்கான பதிவு 1548இல், பீசா நகரில் மெடிச்சி குடும்பத்தாருக்கு ஒரு கூடைப் பழம் வந்த செய்தியில் காணப்படுகிறது. எனினும் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நேப்பிள்ஸில் வெளிவந்த அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூலில்தான் தக்காளிச் சோஸின் செய்முறை இடம்பெறுகிறது. அதுவும் பாஸ்தாவுக்கானதன்று, பாஸ்தாவும் தக்காளியும் இணைந்ததற்கான பழைய எழுத்துச் சான்று 1790இல் வெளிவந்த பிரான்செஸ்கோ லியோனார்தியின் நூலில் உள்ளது. திருகோணமலையில் இவ்வுணவு வேரூன்றியதற்கு உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நீளும் சுற்றுலாப் பருவம் ஒரு காரணம். இன்னொரு புறம், 1980கள் முதல் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் குடியேறி, அங்குள்ள குடும்பங்களின் வீடுகளில் வேலை பார்த்து வந்த இலங்கைத் தமிழரும் இச்சமையலை நெருங்கி அறிந்தவர்களாவர்.

பழத்தைத் தேர்தல்

சோஸுக்குப் பேர்போன சான் மர்சானோ, வெசூவியஸ் எரிமலையை அண்டிய சமவெளியில் விளைந்து, 1996 முதல் ஐரோப்பியச் சட்டத்தால் காக்கப்பட்ட பிறப்பிடப் பெயரைக் கொண்ட தக்காளி வகை. நீண்ட வடிவும் தடித்த சதையும் உடைய அதில் விதையறைகள் குறைவு. திருகோணமலைச் சந்தைக்குத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து லொறிகளில் வரும் பழங்களில் உருண்டையும் நீர்மையும் மிக்கவை பல. அவை நெடுவழியில் நசியாதிருக்க முழுமையாகப் பழுக்குமுன்னரே பறிக்கப்படுகின்றன. ஆகவே சமைப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னரே வாங்கி, காம்புப் பக்கம் கீழாக வைத்து, நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்பிப் பழுக்கவிடுவது நன்று. குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது தவறு. ஏறக்குறைய 12 பாகை செல்சியசுக்குக் கீழே தக்காளியின் மணப்பொருள்களை உருவாக்கும் நொதியங்கள், அதாவது உயிர்வேதி மாற்றங்களைத் தூண்டும் புரதங்கள், செயல் குன்றிவிடுகின்றன.

நிறத்தை மட்டும் நம்பி வாங்குவதும் இப்பகுதியில் ஏமாற்றம் தரும். தக்காளிக்குச் செந்நிறம் தரும் லைக்கோபீன் என்னும் நிறமி 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சரிவர உருவாகாமையால், கோடையில் பழுத்த பழம் உள்ளே கனிந்திருந்தும் வெளியே மஞ்சள் கலந்த செம்மஞ்சளாகவே நின்றுவிடும். காம்படியில் முகர்ந்து மணம் எழுகிறதா என்று பார்ப்பதும், விரலால் மெல்ல அழுத்தி நெகிழ்வு அறிவதும் நிறத்தைவிட உறுதியான சோதனைகள். மாரி மழையில் விளைந்த பழம் நீர்த்தும் வெடித்தும் இருக்கும். அக்காலத்தில் நீண்ட வடிவத் தக்காளியைப் பாதியளவு கலந்துகொள்வதும், ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி தக்காளிப் பசை சேர்ப்பதும் குறையை ஈடுசெய்யும். விதையைச் சூழ்ந்த வழுவழுப்பான கூழை நீரென்று எண்ணிப் பிழிந்து கொட்டிவிடுவது பலரிடம் காணப்படும் பழக்கம். ஆனால் சுவையைத் தூக்கிக் காட்டும் குளூட்டமேற் என்னும் அமினோ அமில உப்பு, சதையைவிட அக்கூழில்தான் மிகுதி. விதை வேண்டாதவர் கூழை வடிகட்டி, சாற்றைச் சட்டியில் சேர்த்து, விதையை மட்டும் விலக்கலாம்.

பாத்திரமும் சூடும்

தக்காளியை வெட்டியவுடன் அதன் உயிரணுக்களிலுள்ள சில நொதியங்கள், சோஸுக்குத் தடிப்புத் தரும் பெக்டின் என்னும் இழைப்பொருளைச் சிதைக்கத் தொடங்குகின்றன. அரைத்து மேசையில் வைத்த சாறு சிறிது நேரத்தில் நீர் வேறு, சக்கை வேறாகப் பிரிவது இதனால்தான். 85 பாகைக்கு மேல் விரைவாகச் சூடேறினால் நொதியங்கள் செயலிழந்து தடிப்பு நிலைக்கும்; தக்காளிப் பசை ஆலைகளும் இம்முறையையே கையாள்கின்றன. வீட்டிலும் பழத்தை மொத்தமாக வெட்டிக் குவித்து வைக்காமல், சட்டி சூடேறிய பின் வெட்ட வெட்ட உள்ளே இடுவது அதே பயனைத் தரும்.

நீர் ஆவியாகும் வேகம் பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்தது. ஆழமான குறுகிய பானையில் ஒரு மணி நேரம் வேண்டியது, அகன்ற தட்டையான சட்டியில் அரை மணியளவில் முடியும். எரிபொருள் மிஞ்சுவதோடு, நெடுநேரம் கொதித்து மணம் மங்குவதும் தவிர்க்கப்படும். 2022இல் நாடெங்கும் எரிவாயுத் தட்டுப்பாடு நிலவிய காலத்தை நினைவில் கொண்டோருக்கு இது சிறிய செய்தியன்று. தக்காளியின் அமிலம் அலுமினியத்தைக் கரைத்து உலோகச் சுவை தரும். இரும்புத் தாச்சியில் நிறம் கறுக்கும். மீன் குழம்பு காய்ச்சிப் பழகிய மண்சட்டி மீன் மணத்தை விடாது பிடித்து வைத்திருக்கும். அடித்தட்டம் தடித்த எவர்சில்வர் பாத்திரம், அல்லது இதற்கெனத் தனியே வைத்துக்கொண்ட மண்சட்டி, இவை இரண்டுமே பொருத்தமானவை.

எண்ணெய், உள்ளி, இலை

ஒலிவ் எண்ணெய் விலை மிகுந்ததாகையால் அதை முழுவதும் வதக்குவதற்குச் செலவிடத் தேவையில்லை. மணமற்ற சூரியகாந்தி எண்ணெயில் சமைத்து, அடுப்பை அணைத்த பின் ஒன்றிரண்டு கரண்டி நல்ல ஒலிவ் எண்ணெயைச் சேர்த்தால், சூட்டில் அழிந்துபோகக்கூடிய அதன் மணம் முழுமையாக நிற்கும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் தத்தம் மணத்தால் தக்காளியை மேவிவிடுவதால், அவற்றில் செய்த சோஸ் கறியின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. உள்ளிப் பல்லை நசுக்கி இளஞ்சூட்டில் வெளிர்பொன் நிறம் வரும்வரை மட்டும் வதக்க வேண்டும். தாளிப்புக்குப் பழகிய கை அதைச் சிவக்க விடுமாயின், அக்கசப்பு சோஸ் முழுவதும் பரவும்.

இத்தாலியர் இறுதியில் கிள்ளியிடும் பேசில் இலை, கோயில் துளசியன்று. துளசியில் கராம்பு மணம் தரும் யூஜினோல் மேலோங்குவதால் அது சோஸுக்குப் பொருந்தாது. தமிழில் திருநீற்றுப்பச்சிலை எனப்படும் செடியே பேசிலின் தாவர இனத்தைச் சேர்ந்தது. சர்பத்திலும் பலூடாவிலும் ஊறவைத்து இடும் கசகசா, இலங்கையில் பெரும்பாலும் இச்செடியின் விதையே ஆதலால், அதைச் சாடியில் தூவி முளைப்பித்துக்கொள்ளலாம். இனத்துக்குள் மணவேறுபாடு உண்டு. சில செடிகள் பெருஞ்சீரகத்தை ஒத்த மணம் வீசும். அதுவும் குறையாகாது, ஏனெனில் சிசிலியின் மத்தி மீன் பாஸ்தாவில் காட்டுப் பெருஞ்சீரக இலை இன்றியமையாதது. ஒரேகானோ கிடைக்காவிடத்துக் கற்பூரவள்ளியின் ஒரேயொரு இலையை நறுக்கியிடலாம்; இரண்டிலும் கார்வக்ரோல், தைமோல் என்னும் மணப்பொருள்கள் பொதுவாக உள்ளன.

செய்முறையின் ஒழுங்கு

நால்வருக்கு ஒரு கிலோ தக்காளி, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், மூன்று உள்ளிப் பல், ஒரு தேக்கரண்டி உப்பு என்பது வசதியான அளவு. பழத்தின் அடியில் குறுக்காகக் கீறி, கொதிநீரில் அரை நிமிடம் முக்கி எடுத்தால் தோல் உரியும். அல்லது பாதியாக வெட்டி, கரட் துருவும் தகட்டில் வெட்டுப்பக்கத்தைத் தேய்த்தால் சதை இறங்கித் தோல் கையில் எஞ்சும். உப்பைத் தொடக்கத்தில் பாதி இட்டு, மீதியை இறுதியில் சுவைத்த பின் சேர்ப்பதே முறை. நீர் வற்றும்போது உப்பின் செறிவு கூடுவதால், முதலிலேயே அளவாக இட்ட உப்பு முடிவில் மிகையாகிவிடும். மூடியைத் திறந்தே வைத்து, நடுத்தரச் சூட்டில் முப்பது நிமிடமளவு காய்ச்சினால் எடை ஏறக்குறையப் பாதியாகும். அகப்பையால் சட்டியின் அடியைக் கீறினால் அக்கோடு உடனே மூடிக்கொள்ளாமல் சற்று நிற்பதும், விளிம்பில் எண்ணெய் செந்நிறமாகப் பிரிவதும் பதம் வந்ததற்கான அடையாளங்கள்; தக்காளிக் குழம்பில் எண்ணெய் பிரியும் பதத்தை அறிந்தவருக்கு இது புதிதாகக் கற்க வேண்டியதன்று. புளிப்பு மிஞ்சினால் ஒரு சிட்டிகை சீனியோ துருவிய சிறு கரட்டோ போதும். அப்பச்சோடா அமிலத்தை முறிக்குமாயினும் கையளவு சற்றுப் பிசகினால் சவர்க்காரச் சுவை தரும்.

எண்ணெயே வேண்டாதவருக்கு, மார்செல்லா ஹசானின் நூல்களால் உலகறிந்த இன்னொரு முறையுண்டு: தக்காளியுடன் வெண்ணெயும், இரண்டாகப் பிளந்த ஒரு வெங்காயமும் இட்டு முக்கால் மணி நேரம் மெல்லக் காய்ச்சி, இறுதியில் வெங்காயத்தை எடுத்துவிடுவது. வதக்கும் வேலையே இல்லாமையால் முதன்முறை சமைப்போர் தவறுவதற்கான இடம் இதில் மிகக் குறைவு.

வெயிலில் உலர்த்தலும் சேமிப்பும்

அடுப்பு செய்யும் வேலையைச் சிசிலியில் வெயிலும் செய்கிறது. ஸ்த்ராத்து எனப்படும் பசைக்கு, வடிகட்டி உப்பிட்ட தக்காளிச் சாற்றைக் கோடையில் மரப்பலகைகளில் பரப்பி, அவ்வப்போது கிளறிச் சில நாள் காயவிட, அது கருஞ்சிவப்புப் பசையாகத் திரள்கிறது. கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான வறண்ட மாதங்களில் திருகோணமலை முற்றங்களிலும் இது இயலக்கூடியதே. மிளகாயும் கருவாடும் உலர்த்தும் பழக்கமுள்ள இடத்தில் கற்பிக்க வேண்டியவை சிலவே: சாற்றை முதலில் அடுப்பில் பாதியாக வற்றவைத்துப் பின் பரப்புதல், ஈ அணுகாதபடி மெல்லிய துணியால் மூடுதல், கருவாடு காயும் இடத்திலிருந்து விலக்குதல், கடலோரப் பனி இறங்குமுன் மாலையில் உள்ளே எடுத்தல். திரண்ட பசையைக் குளிரூட்டியில் வைத்து, ஒரு கரண்டியளவு எடுத்து மாரிகாலச் சோஸில் கலந்தால் நீர்த்த பழத்தின் குறை மறையும்.

சமைத்த சோஸ் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் நிற்கும். சிறு பங்குகளாக உறையவைத்தால் சில மாதங்கள் நிற்கும். போத்தலில் அடைத்து அறைவெப்பத்தில் வைப்பது தனி எச்சரிக்கைக்குரியது. தக்காளியின் அமிலத்தன்மை, உயிராபத்தான நச்சை உண்டாக்கும் பொட்டுலினம் பற்றீரியாவைத் தடுக்கும் எல்லையான பிஎச் 4.6ஐ ஒட்டியே நிற்பதால், பழத்துக்குப் பழம் அந்த எல்லையைத் தாண்டக்கூடும். உள்ளியும் எண்ணெயும் சேர்ந்த சோஸில் ஆபத்து இன்னும் கூடும். மேலே எண்ணெய் ஊற்றி மூடுவது காற்றைத் தடுத்து, காற்றில்லாத இடத்தில் பெருகும் அப்பற்றீரியாவுக்கு வாய்ப்பாகவே அமையும். ஆகவே உறையவைத்தலே வீட்டுக்குத் தகுந்த வழி.

பாஸ்தாவோடு சேர்த்தல்

சீனன்குடாவில் பாரிய மாவாலை இயங்குவதால் கோதுமை மா இப்பகுதிக்கு அரிய பொருளன்று. எனினும் பாணுக்கான மாவில் செய்த பாஸ்தா விரைவில் குழைந்து, மாப்பொருளை நீரில் மிகையாக விடும். டியூரம் என்னும் வன்கோதுமையின் ரவையில் செய்ததெனப் பொதியில் குறிப்பிடப்பட்டதை வாங்குவதே தக்கது. நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லீற்றர் நீரும் பத்துக் கிராம் உப்பும் என்பது இத்தாலிய வழக்கு. கரையோரக் கிணற்று நீர் உவர்ப்பாயின் உப்பைக் குறைக்க வேண்டும். பொதியில் கூறிய நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னரே பாஸ்தாவை எடுத்து, சூடான சோஸில் இட்டு, வேகவைத்த நீரில் அரைக் கோப்பையளவு சேர்த்துப் புரட்டினால், அந்நீரிலுள்ள மாப்பொருள் எண்ணெயையும் சாற்றையும் பிணைத்துப் பாஸ்தாவில் படியச் செய்யும்.

துறைமுகத்தின் கணவாயைச் சேர்ப்போர் அதை ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் வேகவிட வேண்டும், அல்லது அரை மணிக்கு மேல் மெல்லச் சமைக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் இறக்கினால் அது றப்பர் போலாகும். உப்பிட்ட நெத்தலி சேரும் நேப்பிள்ஸ் வகைகளுக்கு மாசித்தூள் ஒரு சிட்டிகை நல்ல மாற்று. கடலுணவு சேர்ந்த பாஸ்தாவில் சீஸ் தூவுவதை இத்தாலியர் பொதுவாகத் தவிர்ப்பர். பரிமாறிய சில நிமிடங்களில் தட்டின் ஓரத்தில் நீர் வளையமாகக் கசிந்தால் சோஸ் போதிய அளவு வற்றவில்லை அல்லது பாஸ்தாவோடு பிணையவில்லை என்பது பொருள். அந்நிலையில் புதிய மசாலா எதையும் தேடாமல், அடுத்த முறை அகன்ற பாத்திரத்தையும் கூடுதலாகப் பத்து நிமிடத்தையும் நாடுவதே சரியான திருத்தம்.