புரோமினைக் கூட்டினால் வேகம் கூடுமா?

நம்பிக்கை: வினைபடு பொருள்களில் எதை அதிகமாகச் சேர்த்தாலும் வினை வேகமாகும்.

உண்மை: பிளஸ் டூவில் இந்த நினைப்போடு தேர்வில் தப்பித்துவிடலாம். ஆய்வகத்தில் முடியாது. வேதியியலாளர் ஆர்தர் லாப்வொர்த் 1904-இல் அமிலம் கலந்த கரைசலில் அசிட்டோனுக்கும் புரோமினுக்கும் இடையிலான வினையின் வேகத்தை ஆராய்ந்தார். அசிட்டோன் கூடினால் வேகமும் கூடியது. அமிலம் கூடினாலும் அப்படியே. புரோமினைக் கூட்டியபோது மட்டும் வேகம் அசையவில்லை. புரோமின் இருந்த இடத்தில் அயோடினைப் போட்டாலும் அதே வேகம்தான். அப்படியென்றால், வேகத்தைத் தீர்மானிக்கிற படியில் இவை இரண்டுக்கும் பங்கே இல்லை. அசிட்டோன் அமிலத்தின் துணையோடு ‘ஈனால்’ வடிவத்துக்கு மெல்ல மாறுகிறது. மாறியதும் ஹாலஜன் (புரோமினோ அயோடினோ) அதைச் சட்டெனப் பிடித்துக்கொள்கிறது.

இதை அறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அயோடினை வைத்துக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். அசிட்டோனும் அமிலமும் தாராளமாக இருக்கட்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிப்பெட்டில் கொஞ்சம் கரைசலை எடுத்து, சோடியம் பைகார்பனேட்டில் விட்டு வினையை நிறுத்தி, மிஞ்சிய அயோடினைத் தயோசல்பேட்டால் தரம்பார்க்க வேண்டும். அயோடின் குறையக் குறைய வரைபடம் வளையாமல் நேர்கோடாகவே இறங்கும். அந்தக் கோட்டை வரைந்து மதிப்பெண் வாங்கியவர்களில் எத்தனை பேர் அது ஏன் வளையவில்லை என்று கேட்டிருப்பார்கள்?

நம்பிக்கை: கரைப்பான் வினை நடக்கும் வெறும் இடம்.

உண்மை: ரஷ்ய வேதியியலாளர் மென்ஷுட்கின் 1890-இலேயே இதை உடைத்துவிட்டார். ட்ரைஎத்தில்அமீனும் எத்தில் அயோடைடும் சேரும் வினையை இருபதுக்கும் மேற்பட்ட கரைப்பான்களில் நடத்திப் பார்த்தார். வேகம் நூற்றுக்கணக்கான மடங்கு மாறியது. மூவிணைய பியூட்டைல் குளோரைடு இன்னும் கெட்டிக்காரச் சாட்சி. எத்தனாலைவிடத் தண்ணீரில் அது லட்சம் மடங்குக்கும் மேல் வேகமாகச் சிதைகிறது. கார்பன்–குளோரின் பிணைப்பு பிளந்து உருவாகும் அயனிகளைத் தண்ணீர் சூழ்ந்து தாங்குவதுதான் காரணம்.

நம்பிக்கை: வேகத்தை அளந்தாலே வழிமுறை நிரூபணமாகிவிடும்.

உண்மை: தவறான வழிகளைத் தள்ளுவதற்கே வேகம் உதவும். எஸ்டரைக் காரத்தால் நீராற்பகுக்கும்போது, எஸ்டர், ஹைட்ராக்சைடு இரண்டின் செறிவையும் பொறுத்தே வேகம் அமைகிறது. ஆனால் ஆக்சிஜனின் எந்தப் பக்கப் பிணைப்பு அறுகிறது என்பதை அது சொல்லாது. 1934-இல் வேதியியலாளர்கள் போலன்யியும் சாபோவும் கன ஆக்சிஜன் (ஆக்சிஜன்-18) செறிந்த நீரில் அமைல் அசிட்டேட்டை நீராற்பகுத்தார்கள். கிடைத்த ஆல்கஹாலில் கன ஆக்சிஜன் ஏறவில்லை. அறுந்தது அமிலப் பக்கத்துப் பிணைப்பு.

அடுத்த முறை கரும்பலகையில் எலக்ட்ரான்களின் நகர்வைக் காட்டும் வளைந்த அம்புக்குறியைப் பார்த்தால், அதற்கு எந்தப் பரிசோதனை ஆதாரம் என்று ஆசிரியரைக் கேளுங்கள்.