கூடிப் பாடுகையில் உச்ச சுரம் எட்டாதது ஏன்?

சினாலய விழாவிலும் பள்ளி விழாவிலும் பலர் கூடிப் பாடும்போது, பாட்டு மேலேறும் இடம் வந்தவுடன் பாதிப்பேர் குரல் அடங்கிவிடுகிறது. எஞ்சியோர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகின்றனர். அவ்வேளையில், "உனக்குக் குரல் இல்லை, வாயை மட்டும் அசைத்தால் போதும்" என்று ஒரு குழந்தையிடம் கூறிவிடுவோரும் உளர். அச்சொல்லைக் கேட்ட குழந்தை வளர்ந்து முதுமை எய்திய பின்னும் பாட அஞ்சுவதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே இக்குறையின் காரணத்தையும் அதைத் தீர்க்கும் வழியையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

சுருதியே முதற் காரணம்

இளங்கோவடிகள் அருளிய சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, இசையாசிரியன், யாழாசிரியன், குழலோன் ஆகியோருக்கு உரிய இலக்கணத்தை விரித்துரைக்கிறது. பழந்தமிழர் குரலின் தானத்தை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். மெலிவு கீழ்த்தானம், சமன் நடுத்தானம், வலிவு மேல்தானம். ஒருவருக்குச் சமனாக அமைவது மற்றொருவருக்கு வலிவாகிவிடும். கூட்டுப் பாடலின் இடர் இங்கேதான் பிறக்கிறது.

கருநாடக இசையில் பெண்கள் பெரும்பாலும் 4½ முதல் 6 கட்டை வரையிலும், ஆண்கள் 1 முதல் 2 கட்டையை ஒட்டியும் சுருதி வைத்துக்கொள்வர். கூட்டத்தில் ஒருவர் தமக்கு வாய்த்த சுருதியில் எடுத்துவிட்டால், மற்றவர் மேலே எட்ட முடியாமலோ கீழே இறங்க முடியாமலோ திணறுவர்.

நாட்டுப் பண்ணையே எடுத்துக்கொள்வோம். 1950 ஜனவரி 24ஆம் நாள் ஏற்கப்பெற்ற அப்பாடலின் மெட்டு, ஏறத்தாழ ஒரு ஸ்தாயிக்குள் அடங்குவது. இறுதியில் வெற்றி முழக்கமாக வரும் பகுதி மேல் ஸட்ஜமத்தைத் தொடுகிறது. 1 கட்டையில் தொடங்கினால், பெண்களும் சிறுவர்களும் நொடிக்கு ஏறத்தாழ 523 அதிர்வுள்ள சுரத்தை எட்டினால் போதும். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே, 261 அதிர்வில் நின்றுவிடுவர். இருசாராருக்கும் இது எளிது. ஆனால் உற்சாகத்தில் 4 கட்டையில் எடுத்துவிட்டால், பெண்கள் 698 அதிர்வுக்கு ஏற வேண்டும். பயிலாத குரல் அங்கே முறிந்துபோகும். குற்றம் பாடுவோருடையதன்று, எடுத்த சுருதியினுடையது.

தொண்டையில் நிகழ்வது என்ன?

குரல்வளையில் உள்ள இரு நாண்கள் மூச்சுக்காற்றால் அதிர்ந்து ஒலி எழுப்புகின்றன. அவை நீண்டு மெலிந்து இறுகும்போது சுரம் உயர்கிறது. பயிலாதோர் இவ்வேலையை நாண்களிடம் விடாமல், தாடையைத் தூக்கிக் கழுத்தை இறுக்கி, மூச்சை வேகமாகத் தள்ளுகின்றனர். அதனால் ஒலி பெருகுமேயன்றி உயராது, தொண்டையும் கட்டிவிடும்.

பருவமும் ஒரு காரணம். 12 முதல் 14 வயதையொட்டி ஆண் பிள்ளைகளின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். அக்காலத்தில் குரல் தடுமாறுவது இயல்பு. அவர்களை வரிசையிலிருந்து விலக்காமல், எட்டும் சுரங்களை மட்டும் மென்மையாகப் பாடச் செய்தல் வேண்டும். முதிய தாய்மார்களின் குரலும் சற்றே தாழும். இளமையில் பாடிய கட்டையை அவர்கள் விடாது பற்றியிருக்க வேண்டியதில்லை.

பயிற்சி முறை

1. பாடுமுன் ஐந்து நிமிடம் வாய் மூடி 'ம்' என்று ரீங்கரிக்க வேண்டும்.

2. தோள் உயராமல், விலாவும் வயிறும் விரியுமாறு மூச்சை இழுத்து, சீராக விட வேண்டும்.

3. சரளி வரிசைக்குப்பின் மேல் ஸ்தாயி வரிசையை முதலில் 'அ'காரத்தில் மெதுவாகப் பாடுக. இடர் தரும் சுரத்தை மேலிருந்து வழுக்கி இறங்கியும் தொட்டுப் பழகுக.

4. சுரம் உயர உயர வாயைச் சிறிது கூடுதலாகத் திறக்க வேண்டும். 'இ', 'ஈ' ஒலிகளைப் பல்லை இறுக்கி உச்சரித்தல் ஆகாது.

5. எளிதில் எட்டும் கட்டையில் தொடங்கி, சில நாள்களுக்கு ஒருமுறை அரைக் கட்டையாக ஏற்றுக. வலி தோன்றினால் உடனே நிறுத்துக.

சாயல்குடி போன்ற வெப்பமும் உப்புக்காற்றும் மிக்க ஊர்களில் அடிக்கடி நீர் பருகுதல் இன்றியமையாதது. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரை நாட வேண்டும்.

கூட்டத்தை நடத்துவோருக்கு

கரைவலை இழுக்கும் கடலோர மக்கள் பாடும் அம்பாப் பாட்டில், ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் தொடர்ந்து பாடுவர். கயிறு இழுக்கும் அனைவருக்கும் எட்டும் குரலில் அது அமைந்தால்தான் வேலை நடக்கும். நடத்துநர் கற்க வேண்டிய பாடம் அதுவே: பாட்டின் மிக உயர்ந்த சுரத்தை முதலில் கண்டறிந்து, அதை அனைவரும் எட்டுவார்களா என்று பார்த்த பிறகே சுருதி வைக்க வேண்டும். சுருதிப்பெட்டி இல்லாமல் தொடங்குதல் கூடாது.

மெட்டு ஒரு ஸ்தாயியைக் கடந்து விரிந்தால், குழுவை இரண்டாகப் பிரித்து, உயர்ந்த அடிகளை எட்டுவோரிடமும் தாழ்ந்தவற்றை மற்றவரிடமும் ஒப்படைக்கலாம். மேலைநாட்டார் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் எனக் குரல்களை வகுப்பதும் இதனாலேயே. மெட்ராஸ் யூத் கொயர் என்னும் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கிய எம். பி. சீனிவாசன் (1925–1988) இம்முறையைத் தமிழ்ப் பாடல்களுக்கும் பயன்படுத்தினார்.

2021 டிசம்பர் 17 அன்று தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடலாக அறிவிக்கப்பெற்று, 55 நொடிகளில் பாட வேண்டும் என்றும் வரையறுக்கப்பட்டது. இசைத்தட்டை ஒலிக்கவிடாமல் பயிற்சி பெற்றோர் பாடுவதே சிறப்பு என்றும் கூறப்பட்டுள்ளது. எனவே இப்பயிற்சிக்கு நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் இப்போது இடமுண்டு. வாரம் ஒரு மாலை பிள்ளைகளையும் பாட்டிமார்களையும் ஒன்றாக அமர்த்தி, அரைமணி நேரம் பாடவைத்துப் பாருங்கள். குரலற்றவர் என்று நாம் ஒதுக்கியோருள் பலர், சரியான சுருதி கிடைக்கப்பெறாதவரே என்பது விளங்கும்.