மூன்று சக்கரம் சுற்றாது

குருபோங்கில் இருக்கும் தங்கச்சிக்கு,

உன் கற்பனை நகரப் படங்களைப் பார்த்தேன். கை நன்றாக ஓடுகிறது. கடிகாரத்துக்குள் குடியிருக்கும் குடும்பத்தை ரசித்தேன். ஆனால் சந்தைப் படத்தில் மூன்று பற்சக்கரங்களை முக்கோணமாகக் கோத்திருக்கிறாய். அது சுற்றாது. ஒன்று வலமாகப் போனால், அதைக் கடிக்கும் சக்கரம் இடமாகத்தான் போகும். இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் மூன்றாவது எந்தப் பக்கம் போகும்? நகரமே சிக்கி நிற்கிறது. நான்காக்கிவிடு, ஓடும்.

கற்பனைதானே என்று சொல்லித் தப்பிக்காதே. ஆங்கிலேய ஓவியர் ஹீத் ராபின்சன் (1872–1944) வரைந்த கோணங்கி இயந்திரங்களில் கயிறு எங்கே தொடங்கி எதை இழுக்கிறது என்று விரல் வைத்துப் பார்க்கலாம். அவற்றை ஓட்டுபவர்களோ அலுவலகக் கணக்கு எழுதுவதுபோல் முகத்தை வைத்திருப்பார்கள். சிரிப்பு நமக்கு அதனால்தான் வருகிறது.

அதற்காக அவருடைய ஊரை வரையாதே. உன் தாள் முழுக்கப் பித்தளைக் குழாய், புகைபோக்கி, தொப்பி போட்ட துரைமார். மலாக்காவில் இருந்துகொண்டு இது எதற்கு? சிவப்புக் கட்டடங்களுக்கு முன்னால் நிற்கும் திரிஷா வண்டியைப் பார். மிதிப்பவருக்குப் பக்கத்தில் இருக்கை, அதன்மேல் ஹலோ கிட்டி, பிளாஸ்டிக் பூ, இரவில் கலர் விளக்கு, ஸ்பீக்கரில் பாட்டு. பாட்டரி எங்கே ஒளிந்திருக்கிறது, வயர் எப்படிப் போகிறது என்று மிதிக்கும் அண்ணனிடமே கேட்டு வரை.

ரப்பர் தோட்டத்துப் பெரியவர்கள் யாராவது இருந்தால், ரப்பர் ஷீட்டு அடிக்கும் மிஷினைப் பற்றியும் கேள். ஆசிட் ஊற்றி உறைந்த பாலை வழுவழுப்பான உருளைகளில் விட்டு மெலிதாக்குவார்கள். கடைசி உருளையில் வரிப்பள்ளம் இருக்கும். ஷீட்டில் விழும் அந்த வரி அழகுக்கு அல்ல. புகைக்கூடத்தில் சீக்கிரம் காயவும், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கவும்தான். உன் நகரத்துச் சுவர்களில் கோடு போட ஆசையா? இப்படி ஒரு காரணத்தோடு போடு.

மலாக்கா ஆற்றங்கரை மோனோரயிலையும் விட்டுவிடாதே. 2010-இல் ஓடத் தொடங்கிய சூட்டிலேயே பழுதாகி நின்ற வண்டி அது. வரி கட்டுபவனுக்கு எரிச்சல், உனக்கோ பொக்கிஷம். நின்றுபோன இயந்திரமே இல்லாத நகரத்தை யார் நம்புவார்?

விசித்திர இயந்திரங்களைப் படைப்பதில் நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையைப் புரட்டு. மதுரை மதிலில் இருந்த பொறிகளை இளங்கோ அடுக்கிக்கொண்டே போகிறார்: குரங்கு வடிவில் ஒன்று, மீன்கொத்தியாகப் பாய்வது ஒன்று, பன்றி ஒன்று, மதிலைப் பற்றுகிறவன் கையைக் குத்தும் ஊசி வேறு. எல்லாம் போர்க்கருவிகள்தான். ஆனாலும் ஹலோ கிட்டி திரிஷாவுக்கு இவை தூரத்துச் சொந்தம் என்றே எனக்குப் படுகிறது.

அடுத்த முறை முழு நகரம் வேண்டாம், ஒரே ஒரு தெரு போதும். ஒவ்வொரு இயந்திரத்தையும் எது தள்ளுகிறது, மனிதக் காலா, ஆற்றுத் தண்ணீரா, காற்றா என்று தெரியவேண்டும். எண்ணெய் விடுகிறவர் ஏறுவதற்கு ஓர் ஏணியும் வை. போட்டோ எடுத்து அனுப்பாதே, அசலையே கொண்டு வா. பென்சில் கோடுகளை அழித்துவிடாதே. எங்கே தடுமாறினாய் என்று நான் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அண்ணன்