கையும் ஏடும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. நூலறிவு மட்டும் உடையவன் செயலில் இறங்கும்போது இடர்ப்படுவான் என்பது அதன் கருத்து. ஆயினும், ஏட்டிற் கண்ட சுரையைத் தன் கொல்லையில் விதைத்து நீர் ஊற்றி வளர்ப்பவனுக்கு அது கறிக்கும் உதவும். மின்னியற் கல்வியில் இவ்வுண்மையை விளக்கிக் காட்டியவன் ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவன். அவன் பெயர் வில்லியம் காம்குவம்பா.

ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் மலாவி என்னும் சிறு நாடு உள்ளது. அந்நாட்டு மக்களுள் பெரும்பாலோர் மக்காச்சோளம் பயிரிட்டு வாழும் உழவர். 1987-ஆம் ஆண்டு பிறந்த வில்லியம், கசுங்கு மாவட்டத்தில் விம்பே என்னும் ஊரை அடுத்த சிற்றூரில் வளர்ந்தான். அங்கு வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. வானொலிப் பெட்டிகள் மின்கலங்களைக் கொண்டே இயங்கின.

வில்லியத்திற்கு இளமை தொட்டே ஓர் ஐயம் இருந்தது. இச்சிறு பெட்டியினுள் மனிதர் எவ்வாறு பேசுகின்றனர் என்பதே அது. தன் உறவினனான ஜெஃப்ரியுடன் சேர்ந்து பழுதுபட்ட வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தான். எந்த உறுப்பை நீக்கினால் ஒலி குன்றுகிறது, எந்த உறுப்பை நீக்கினால் ஒலி அறவே நிற்கிறது என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தான். ஈயம் பற்றவைக்கும் கருவி அவர்களிடம் இல்லை. கம்பியை நெருப்பிற் பழுக்கக் காய்ச்சி அப்பணியை முடித்தனர். பல பெட்டிகள் பாழாயின. ஆயினும் பிழைகள் தோறும் அறிவு வளர்ந்தது. நாளடைவில் ஊரார் தம் பெட்டிகளைச் செப்பனிட அவர்களிடமே கொண்டு வந்தனர்.

ஒருநாள் மிதிவண்டி டைனமோவின் கம்பிகளை வானொலிப் பெட்டியில் மின்கலம் வைக்கும் இடத்தில் இணைத்தான். ஒலி எழவில்லை. வீட்டு மின்சாரத்தை இணைக்கும் துளையில் அக்கம்பிகளைச் செருகியதும் பெட்டி பாடத் தொடங்கியது. இதன் காரணம் யாது? மின்கலம் தருவது ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம். டைனமோ தருவதோ மாறி மாறி இரு திசைகளிலும் ஓடும் மின்னோட்டம். அதனை ஒரு திசைப்படுத்தும் உறுப்பு, அத்துளையின் உட்புறத்தே அமைந்துள்ளது. கை முதலில் வினாவை எழுப்பியது. விடை கூற நூல் வேண்டியதாயிற்று.

அந்நிலையில் பெருந்துன்பம் வந்துற்றது. 2001-ஆம் ஆண்டு விளைச்சல் பொய்த்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கொடிய பஞ்சம் பரவியது. வில்லியத்தின் இல்லத்தார் நாளொன்றுக்கு ஒருவேளை, அதுவும் சில கவளமே உண்டு உயிர் தாங்கினர். உயர்நிலைப் பள்ளியில் அப்பொழுதுதான் சேர்ந்திருந்த அவன், சம்பளம் செலுத்த வழியின்றிப் படிப்பை நிறுத்தினான். அவனுக்கு அப்பொழுது வயது 14.

பள்ளி கைவிட்டபோதும் அவன் கல்வியைக் கைவிடவில்லை. விம்பேயின் தொடக்கப் பள்ளியில் இருந்த சிறு நூலகத்தை நாடினான். ஆங்கிலத்தில் தேர்ச்சி குறைவாதலின் முதலிற் படங்களைப் பார்த்தான். பின்னர், படத்தை விளக்கும் சொற்களின் பொருளை வினவி அறிந்தான். ஒரு நூலின் அட்டையில் காற்றாலைகள் வரிசையாக நின்றன. கம்பிச் சுருளும் காந்தமும் ஒன்றையொன்று சார்ந்து அசையும்போது மின்னோட்டம் பிறக்கும் என்பது 1831-ஆம் ஆண்டு மைக்கேல் பாரடே கண்ட உண்மை. டைனமோவைக் காலால் சுழற்றலாமெனின் காற்றால் ஏன் சுழற்றலாகாது? மின்சாரம் வந்தால் இரவிற் படிக்கலாம். நீரிறைத்துப் பஞ்சத்தையும் வெல்லலாம் என்று அவன் எண்ணினான்.

உடைந்த மிதிவண்டிச் சட்டம், டிராக்டரின் விசிறி முதலியவற்றைக் கழிபொருட் குவியலில் தேடித் திரட்டினான். பிளாஸ்டிக் குழாயைப் பிளந்து, அனலில் வாட்டித் தட்டையாக்கி, இறக்கைகள் செய்தான். துளையிடும் கருவி இன்மையால் ஆணியைக் காய்ச்சித் துளையிட்டான். மக்காச்சோளச் சக்கையே அதற்குப் பிடியாயிற்று. டைனமோவை வாங்கித் தந்தவன் நண்பன் கில்பர்ட். ஊரார் வில்லியத்தைப் பித்தன் என்று நகைத்தனர். ஆயினும், தைலமரக் கழிகளால் அமைத்த 5 மீட்டர் உயரக் கோபுரத்தின்மேல் இறக்கைகள் சுழன்று சிறு விளக்கு ஒளிர்ந்தபோது, நகைத்த வாய்கள் வாழ்த்தொலி எழுப்பின.

எனினும் அவன் கல்வி அத்துடன் முடியவில்லை. கறையான் அரித்தமையால் கூரைக் கட்டை சரிந்து, மின்கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. கூரையோ புல்லால் வேய்ந்தது; தீப்பற்றியிருப்பின் வீடே சாம்பலாகியிருக்கும். தான் ஏற்றிய விளக்கே தன் குடும்பத்துக்குக் கேடாகக்கூடும் என்பதை வில்லியம் உணர்ந்தான். அஞ்சி அதனை அணைத்துவிடவில்லை. மீண்டும் நூலைப் புரட்டினான். ஆணிகளில் கம்பியைச் சுற்றி மின்காந்தம் ஆக்கினான்; இடையே ஒரு காந்தத்தை நிறுத்தினான். மின்னோட்டம் அளவு கடந்தால் மின்காந்தத்தின் வலிமை மிகும். அக்காந்தம் இடம் பெயர்ந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆக்கத் தெரிந்தவன் காக்கவும் கற்றான்.

2006-ஆம் ஆண்டு அவன் புகழ் செய்தித்தாள் வழியே பரவியது. 2007-ஆம் ஆண்டு தான்சானியாவின் அருஷா நகரில் உலக அறிஞர் முன்னிலையில் பேசினான். மீண்டும் கல்வி பயின்று, 2014-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றார் வில்லியம்.

இன்றைய மாணவர்க்கு வாய்ப்புகள் மிகுதி. 2005-ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்க்கென உருவாக்கப்பெற்ற ஆர்டுயினோ என்னும் சிறு பலகை, வெப்பத்தை உணர்ந்து விசிறியைச் சுழற்றவும், இருளை உணர்ந்து விளக்கை ஏற்றவும் கற்பிக்கிறது. கருவி புதிது, கற்கும் முறை பழையதே. மின்கலத்தின் சிறிய மின்னோட்டத்தில் தொடங்குதல் வேண்டும். வீட்டு மின்சாரத்தைத் தொட்டு ஆய்தல் உயிருக்கே இறுதியாம். விளக்கு எரியாவிடின், மனம் தளராது ஒவ்வோர் இணைப்பாகச் சோதித்தல் வேண்டும். எரியாத விளக்கின்முன் பொறுமையோடு அமர்ந்து காரணம் தேடுபவனே கல்வியைத் தன் உடைமையாக்கிக் கொள்கிறான்.