முதிர்ந்த நுட்பமும் புதிய பயனும்

நுழையும்முன்

சந்தைக்கு வரும் பொருள்களுள் மிகப் புதியதும் மிகுந்த ஆற்றல் உடையதுமே வெற்றிபெறும் என்று பலரும் எண்ணுகின்றனர். வணிக வரலாறு வேறு செய்தியையும் சொல்கிறது. கோயம்புத்தூரில் உருவான மாவரைக்கும் இயந்திரம் சமையலறைக்குரியது. ஜப்பானின் கியோட்டோ நகரில் உருவான கையடக்க விளையாட்டுக் கருவி பொழுதுபோக்குக்குரியது. இவ்விரண்டின் வெற்றிக்கும் அடிப்படையான சிந்தனை ஒன்றே. அச்சிந்தனையை இப்பாடம் விளக்குகிறது.

ஆட்டுக்கல்லில் நிகழ்ந்த மாற்றம்

இட்லிக்கும் தோசைக்கும் மாவு ஆட்டுவது ஒரு காலத்தில் நாள்தோறும் பெண்களின் தோள்வலியைக் கூட்டிய வேலை. ஆட்டுக்கல் அசையாமல் நிற்கும். கனமான குழவியைக் கையால் சுற்ற வேண்டும். 1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் செயற்படத் தொடங்கியபின் கொங்குப் பகுதியில் ஆலைகள் பெருகின. 1937ஆம் ஆண்டில் ஜி.டி. நாயுடுவும் தே. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கினர். மோட்டார் செய்யும் திறன் இவ்வட்டாரத்துக்குப் பழகிய ஒன்றாயிற்று.

1955ஆம் ஆண்டில் கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி, மின்விசையால் இயங்கும் மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கியதாகக் கூறுவர். இந்த இயந்திரத்தில் கல், குழவி, மோட்டார் ஆகிய எதுவும் புதியதன்று. இயக்கத்தின் முறை மட்டுமே மாறியது. குழவி ஓரிடத்தில் நிறுத்தப்பட்டது, கல் சுழன்றது. ஆட்டுக்கல்லில் அரைத்த மாவின் பதமும் கெடவில்லை; கைவலியும் நீங்கியது. இன்று 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்ற பொருளாக விளங்குகிறது.

சீட்டுக்கட்டிலிருந்து விளையாட்டுக் கருவிக்கு

இதே அணுகுமுறையை ஒரு கொள்கையாகவே வகுத்துக்கொண்டவர் ஜப்பானியப் பொறியாளர் குன்பெய் யோகோய். 1889ஆம் ஆண்டில் கியோட்டோவில் விளையாட்டுச் சீட்டு தயாரிப்பதற்காகத் தொடங்கப்பட்டது நின்டெண்டோ நிறுவனம். அங்கு 1965ஆம் ஆண்டில் சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கும் பணியில் யோகோய் சேர்ந்தார். ஓய்வுநேரத்தில் அவர் செய்த நீளும் கை போன்ற பொம்மையை நிறுவனத் தலைவர் கண்டார். அது 1966ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. பராமரிப்புப் பணியாளர் படைப்பாளியானார்.

ஒருமுறை தொடர்வண்டிப் பயணத்தில், பொழுது போகாத ஒருவர் கணிப்பானின் பொத்தான்களை அழுத்தி விளையாடிக்கொண்டிருந்ததை அவர் கண்டார். கணிப்பான் நிறுவனங்களின் போட்டியால் திரவப் படிகத் திரைகள் அப்போது மலிவாகக் கிடைத்தன. பயணியின் சலிப்பையும் மலிவான திரையையும் இணைத்து அவர் சிந்தித்ததன் விளைவாக, 1980ஆம் ஆண்டில் 'கேம் அண்டு வாட்ச்' என்னும் சிறு கருவி பிறந்தது. பலரும் பயன்படுத்தித் தேர்ந்து, விலை குறைந்து, குறைகள் தெளிவான நுட்பத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு எவரும் எண்ணாத பயனைக் காண வேண்டும் என்பதே யோகோயின் கொள்கை.

விட்டுக்கொடுத்துப் பெற்ற வெற்றி

1989ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் யோகோயின் குழுவினர் உருவாக்கிய 'கேம் பாய்' ஜப்பானில் வெளிவந்தது. அதன் திரையில் வண்ணம் இல்லை. பசுமை கலந்த நான்கு சாயல்களே இருந்தன. திரைக்குப் பின்னொளியும் இல்லை. செயலியோ 1970களின் வடிவமைப்பைச் சார்ந்த 8 பிட் வகையினது. அதே ஆண்டில் வந்த அட்டாரி நிறுவனத்தின் 'லிங்க்ஸ்' வண்ணத் திரையும் பின்னொளியும் கொண்டிருந்தது. 1990ஆம் ஆண்டில் சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' வண்ணத்துடன் வந்தது. பார்வைக்குக் கேம் பாய் இவ்விரண்டுக்கும் பிற்பட்டதாகவே தோன்றியது.

ஆயினும், வண்ணத்துக்கும் ஒளிக்கும் மின்னாற்றல் வேண்டும். போட்டிக் கருவிகள் ஆறு மின்கலங்களை நான்கைந்து மணி நேரத்தில் தீர்த்துவிட்டன. கேம் பாயோ நான்கு மின்கலங்களில் ஏறத்தாழ 15 மணி நேரம் இயங்கியது. அமெரிக்காவில் லிங்க்ஸின் விலை ஏறத்தாழ 180 டாலர். கேம் பாயின் விலை அதில் பாதி. கருவியை வாங்கித் தருபவர் பெற்றோர். மின்கலங்களுக்கும் அவரே செலவிட வேண்டும். பள்ளிப் பையில் கிடந்து, கைதவறிக் கீழே விழும் பொருள் உறுதியாகவும் இருக்க வேண்டும். யோகோய் குழுவினர் வண்ணத்தை விட்டுக்கொடுத்து இத்தேவைகளை நிறைவு செய்தனர்.

கருவியை வாழவைத்த விளையாட்டுகள்

கருவி நன்றாக இருப்பினும் அதில் ஆடத்தக்க விளையாட்டு இல்லையேல் அது விலைபோகாது. மாஸ்கோவில் அலெக்சி பாஜித்னோவ் 1984ஆம் ஆண்டில் உருவாக்கிய 'டெட்ரிஸ்', அமெரிக்காவில் கேம் பாயுடன் சேர்த்தே வழங்கப்பட்டது. விழும் கட்டங்களை அடுக்கும் அவ்விளையாட்டுக்கு வண்ணம் தேவைப்படவில்லை. சிறுவர் முதல் முதியோர் வரை ஆடினர். இரு கருவிகளைக் கம்பியால் இணைத்து இருவர் போட்டியிடவும் முடிந்தது. 1996ஆம் ஆண்டில் வந்த 'போக்கிமான்' அக்கம்பியையே மையமாகக் கொண்டது. ஒருவரிடம் இல்லாத உயிரினத்தை நண்பரிடமிருந்து மாற்றிப் பெற வேண்டியிருந்ததால், விளையாட்டு நட்பையும் வளர்த்தது. கேம் பாயும் அதன் வண்ண வடிவமும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடியே 80 இலட்சத்துக்கும் மேல் விற்பனையாயின.

தெரியுமா?
கூட்டல்குறி வடிவில் அமைந்த திசைப் பொத்தானை, 1982ஆம் ஆண்டின் 'கேம் அண்டு வாட்ச்' கருவி ஒன்றுக்காக யோகோய் வடிவமைத்தார். இன்றைய விளையாட்டுக் கருவிகளிலும் அவ்வடிவம் தொடர்கிறது.

தோல்வி தரும் பாடம்

மலிவான நுட்பம் ஒன்றே வெற்றிக்குப் போதுமானதா? 1995ஆம் ஆண்டில் யோகோய் உருவாக்கிய 'விர்ச்சுவல் பாய்' இவ்வினாவுக்கு விடை தந்தது. செலவைக் குறைக்கும் நோக்கில் அதன் காட்சிகள் சிவப்பும் கறுப்புமாக மட்டுமே அமைக்கப்பட்டன. மேசைமேல் நிறுத்தி, குனிந்து, கண்களை அதற்குள் பதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. கண் சோர்வும் தலைவலியும் ஏற்படுவதாகப் பயனாளர் குறைகூறினர். ஓராண்டுக்குள் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. கேம் பாயில் வண்ணம் இல்லாத குறை, பயனாளருக்கு நீண்ட நேர இயக்கமாகவும் குறைந்த விலையாகவும் திரும்பி வந்தது. விர்ச்சுவல் பாயின் குறைக்கு ஈடாக அத்தகைய நன்மை எதுவும் கிடைக்கவில்லை. ஒரே மனிதர், ஒரே கொள்கை; பயனாளரின் நிலை மறக்கப்பட்டபோது விளைவு வேறாயிற்று.

நம் பட்டறைகளுக்கான செய்தி

பீளமேட்டிலும் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் உள்ள சிறு பட்டறைகளால் பெருநிறுவனங்களுக்கு இணையாக ஆராய்ச்சிக்குச் செலவிட இயலாது. ஆயினும், வார்ப்பு, கடைசல், மோட்டார் சுற்றுதல் என இங்குத் தேர்ந்து முதிர்ந்த நுட்பங்கள் பல உள்ளன. அவற்றுக்கு இன்னும் காணப்படாத பயன்களும் உள்ளன. மாவு ஆட்டுபவரின் தோள்வலியையும் பயணியின் சலிப்பையும் கூர்ந்து நோக்கியதிலிருந்தே இரு பெரும் வெற்றிகள் தொடங்கின. எனவே, புதியன படைக்க விரும்பும் இளைஞர் முதலில் அறிய வேண்டுவது அண்மைக் கண்டுபிடிப்பு எது என்பதை அன்று. தம் அருகிலிருப்பவரின் கை எதனால் வருந்துகிறது என்பதையே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் அல்லது ஊரில் உடலுழைப்பு மிகுந்த ஒரு வேலையை உற்றுநோக்கி, எளிய நுட்பத்தால் அதனைக் குறைக்கும் வழியை ஒரு பக்க அளவில் எழுதுக.
2. 'விலையா, வசதியா, புதுமையா? ஒரு பொருளின் வெற்றியை முடிவு செய்வது எது?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.